டாக்ரோலிமஸ் களிம்பு: முகத்துக்கு அருமை, உள்ளங்கைக்கு வீண், படைக்கு ஆபத்து

வேலூரில் ஐடா ஸ்கடர் ரோட்டு மெடிக்கல்களில் தோல் டாக்டரின் சீட்டை நீட்டினால் அடிக்கடி கைக்கு வரும் பொருள் இது: பத்து கிராம் ட்யூப், மேலே டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட் என்று எழுத்து, கீழே 0.03% அல்லது 0.1%. பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. எந்த ஒரு பிராண்டுக்கும் இங்கே மார்க் போடவில்லை. ட்யூபுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றியும், வட ஆற்காட்டு வெயிலிலும் வேலைகளிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியும்தான் பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கரப்பானுக்கு (எக்சிமா), நீண்ட நாள் நம்பிப் பூச இதற்கு இணையான களிம்பு கடையில் குறைவு. அங்கே ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். தடித்துப்போய் வெடித்த உள்ளங்கை, உள்ளங்காலுக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியாது. படைக்குப் பூசினால் மைனஸ்தான். இப்படி இடத்துக்கு இடம் மார்க் மாறுவதற்குக் காரணம் இரண்டு: தோலுக்குள் இருக்கும் கால்சிநியூரின் என்ற புரதம், மருந்து மூலக்கூறின் பருமன்.

உள்ளே என்ன செய்கிறது

கரப்பான் வந்த தோலில், நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் கூட்டமாக வந்து நிற்கும். ஒவ்வாத பொருள் ஒன்று அந்தச் செல்லின் ஏற்பியில் மாட்டியதும் உள்ளே கால்சியம் ஏறும். கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கால்சிநியூரின் என்ற நொதியை முடுக்கும். கால்சிநியூரினின் வேலை, என்ஃபேட் என்ற புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றுவது. கழன்றதும் என்ஃபேட் உட்கருவுக்குள் போய் ஐஎல்-2, ஐஎல்-4 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளுக்கான மரபணுக்களைத் திறந்துவிடும். சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் அதன் பிறகு வரிசையாக வருபவை.

டாக்ரோலிமஸ் செல்லுக்குள் நுழைந்ததும் முதலில் எஃப்கேபிபி-12 என்ற சிறு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஜோடி போய் கால்சிநியூரினை அடைத்துக்கொள்ளும். பாஸ்பேட் கழலாமல் என்ஃபேட் உட்கருவுக்கு வெளியிலேயே நின்றுவிடும். 1984-இல் ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து இந்த மருந்து வந்தது. அந்த ஜோடி அடைப்பது கால்சிநியூரினைத்தான் என்பது 1991-இல்தான் தெளிவானது. களிம்பாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000 டிசம்பரில்.

ஸ்டீராய்டு களிம்பு வேறு வழியில் போகிறது. அது செல்லுக்குள் இருக்கும் குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியைப் பிடித்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. அழற்சி வேகமாக அடங்கும், உண்மைதான். கூடவே கொலாஜன் உற்பத்தியும் குறையும். அதனால்தான் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, முகத்தில் பருவும் முடியும் வருகின்றன. இமையில் தொடர்ந்து பூசினால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். டாக்ரோலிமஸ் கொலாஜனைத் தொடுவதில்லை. இமைக்கும் கன்னத்துக்கும் இதை நாம் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்து மூலக்கூறின் பருமன். டாக்ரோலிமஸின் மூலக்கூறு எடை 804 டால்டன் (மூலக்கூறை எடை போடும் அலகு). பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 392. நல்ல தோலின் மேலடுக்கு 500 டால்டனுக்கு மேற்பட்டதை எளிதில் உள்ளே விடாது. கரப்பான் வந்து அரண் உடைந்த தோலில் டாக்ரோலிமஸ் நுழையும். தோல் ஆற ஆற நுழைவது தானாகவே குறையும். மெல்லிய இமையில் வேலை செய்யும் களிம்பு காய்ப்புப் பிடித்த உள்ளங்கையில் தோற்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

முதல் வாரம் எரியும்: அது ஒவ்வாமை இல்லை

இந்தக் களிம்பைப் பாதியில் கைவிடுபவர்களில் நிறையப் பேர் கைவிடுவது முதல் நான்கைந்து நாளில்தான். கடைக் கவுண்டரில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"இன்னாண்ணா குடுத்தீங்க, பூசுனா மொளகாத்தூள் வெச்ச மாதிரி எரியுது. வேற ஏதாச்சும் குடுங்க."

"எத்தினி நாளா பூசுறீங்க?"

"நேத்து ராத்திரி, இன்னிக்கு காலைல. குளிச்சிட்டு வந்து ஒடனே."

இந்த மூன்று வரியிலேயே தவறு இருக்கிறது. குளித்த உடனே, தோல் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும்போது பூசியிருக்கிறார். தோலில் வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு நுனிகளை டாக்ரோலிமஸ் தூண்டி, சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளை வெளியே கொட்ட வைக்கிறது. அதுதான் எரிச்சல். பூசிய சில நிமிடங்களில் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். தொடர்ந்து பூசினால் அந்த இருப்பு தீர்ந்து நரம்பு நுனி மரத்துவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கி, அரிப்பும் கூடவே குறைகிறது. இடையிடையே இரண்டு நாள் விட்டுப் பூசினால் நரம்பு மறுபடி நிரம்பிவிடும், ஒவ்வொரு முறையும் முதல் நாள் போலவே எரியும். பாதி மனதாகப் பூசுவதுதான் இந்தக் களிம்பில் மிகவும் கஷ்டமான வழி.

வெப்பம் இதைக் கூட்டும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் பூசிக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு பைக்கில் போனால் எரிச்சல் தாங்க முடியாது. கோடையில் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் இரவு மட்டும், மின்விசிறிக்குக் கீழே படுப்பதற்கு முன் பூசலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழகிய பிறகு காலையையும் சேர்த்துக்கொள்ளலாம். மது குடித்தால் முகம் திடீரெனச் சிவந்து சூடாவது இந்தக் களிம்பின் தெரிந்த பக்க விளைவு. மருந்து மாறிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு வாரம் ஒழுங்காகப் பூசிய பிறகும் எரிச்சல் கூடிக்கொண்டே போனால், நீர் கோத்த கொப்புளம் வந்தால், மஞ்சள் பொருக்குத் தட்டினால், அது சாதாரண எரிச்சல் இல்லை. நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பூசும் முறை, அளவு

வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் சோப்பைக் குறைத்து, குளியலைச் சுருக்கமாக முடிப்பது களிம்புக்கே உதவி. துடைத்த பிறகு தோல் முழுதாகக் காய்ந்து, சூடு தணியும்வரை காத்திருங்கள். கால் மணி நேரமாவது. மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மட்டும் தெரியும்படி விடுங்கள். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அதிகம். தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ பூசியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்ல வழக்கம். எண்ணெய்ப் படலத்துக்கு மேல் களிம்பு பூசினால் அது வழுக்கிக்கொண்டு நல்ல தோலுக்குப் போய்விடும், புண்ணில் நிற்காது. கை புண்ணாக இல்லை என்றால் பூசிய பின் கையைக் கழுவிவிடுங்கள். மேலே பிளாஸ்டிக்கோ பேண்டேஜோ இறுக்கிக் கட்டக் கூடாது. உள்ளே போகும் அளவு கூடிவிடும்.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை, 5 மில்லிமீட்டர் வாய் உள்ள ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்பளவுக்கு அது போதும். இங்கே கிடைக்கும் பத்து கிராம் ட்யூப்களில் சிலவற்றின் வாய் இதைவிடச் சிறியது. பிதுக்கும்போது நூல் போல வந்தால் விரல்நுனி அளவில் அரை கிராம் இருக்காது. ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து ஒரு விரல்நுனி. காலை, இரவு என்றால் நாளுக்கு ஒரு கிராம், ஒரு ட்யூப் பத்து நாள். முகமும் கழுத்தும் முழுவதும் என்றால் ஒரு வேளைக்கு இரண்டரை விரல்நுனி, நாளுக்கு இரண்டரை கிராம், நாலே நாளில் ட்யூப் காலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெரிய இடத்துக்கு ஒரே ஒரு ட்யூப் வாங்கி, ஒரு மாதம் வரவேண்டும் என்று பொட்டு வைப்பது போலத் தடவுவதால்தான் பலருக்கு 'கேட்கவில்லை'. வாங்கும்போது ட்யூபின் மொத்த விலையைப் பார்க்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சில பிராண்டுகளில் பெரிய ட்யூபும் உண்டு.

இமைக்கு அரிசி அளவு போதும், இமையின் வெளிப்பக்கம் மட்டும். கண்ணுக்குள் போய்விட்டால் நல்ல தண்ணீரில் நிறையக் கழுவ வேண்டும். உதட்டின் உட்புறம், மூக்கின் உட்புறம் போன்ற ஈரப் பகுதிகளுக்கு இந்தக் களிம்பு இல்லை.

2 முதல் 15 வயதுவரை 0.03%, 16 வயதிலிருந்து 0.1%. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது இல்லை. 0.1% என்றால் கிராமுக்கு ஒரு மில்லிகிராம் மருந்து, 0.03% என்றால் 0.3 மில்லிகிராம். சின்ன மெடிக்கலில் ஒரு வகைதான் இருப்பு இருக்கும். 'ரெண்டும் ஒண்ணுதான்மா' என்று சொல்லி மூன்று மடங்குக்கு மேல் வலுவானதைக் குழந்தைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். டப்பாவில் பெயர் பெரிசாக இருக்கும், சதவீதம் ஓரத்தில் சின்னதாக இருக்கும். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்த ஓரத்தைப் படியுங்கள். தடுப்பூசி நாள் நெருங்கினால் டாக்டரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

வெயிலில் ட்யூபே கெட்டுப்போவது தனிப் பிரச்சினை. களிம்பின் அடித்தளம் வாசலின், பாரஃபின், மெழுகு. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் புரோப்பிலீன் கார்பனேட், நுண்துளிகளாக அதற்குள் பரவியிருக்கும். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். தகர ஷீட் போட்ட அறை, பைக் டேங்க் கவர், நிறுத்திவைத்த கார் ஆகியவற்றில் அதைவிட அதிகம். வாசலின் 38 டிகிரியிலிருந்தே இளக ஆரம்பிக்கலாம். உருகி மறுபடி இறுகிய ட்யூபில் துளிகள் ஒரே சீராக இருக்கும் என்று நம்ப முடியாது. மூடியைத் திறந்ததும் முதலில் எண்ணெய் போலத் தெளிந்த திரவம் வந்து பிறகு கெட்டியாக வந்தால், அந்த ட்யூப் சூட்டில் கிடந்திருக்கிறது. கடையிலேயே அப்படி வந்தால் திருப்பிக் கொடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். வீட்டில் தரையோரம், சமையலறைக்குத் தள்ளி இருக்கும் அலமாரி போதும்.

எதற்குப் பூசக் கூடாது

படைக்கு. இது முதல் எச்சரிக்கை. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக, விளிம்பு சிவந்து, நடுவில் தெளிந்து வரும் அரிப்பு பூஞ்சைத் தொற்று. க்ளோபெட்டசால் என்ற வலுவான ஸ்டீராய்டு, ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின் எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் கலந்த களிம்புகள் ஊரெங்கும் விற்று, படை ஏற்கனவே முரட்டுத்தனமாகிவிட்டது. அதை விட்டுவிட்டு 'ஸ்டீராய்டு இல்லாதது' என்று டாக்ரோலிமஸுக்கு மாறினால் நிலைமை மாறாது. பூஞ்சையை எதிர்க்க வரும் டி செல்லைத்தான் இதுவும் கட்டிப்போடுகிறது. அரிப்பு இரண்டு நாள் அடங்கும், வட்டம் பெரிசாகும். அக்கி, உதட்டுப் புண் கொப்புளம், மரு, சீழ் வைத்த சிரங்கு ஆகியவற்றுக்கும் இதே காரணத்தால் கூடாது. நெதர்ட்டன் நோய் போலப் பிறவியிலேயே தோல் அரண் உடைந்தவர்களுக்கு மருந்து இரத்தத்தில் ஏறிவிடும், அங்கேயும் கூடாது.

தேமல் விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கென்று ஒரு வார்த்தை. குழந்தையின் கன்னத்தில் வெளிறிய, லேசாகச் செதில் உள்ள திட்டு வந்தால் பெரும்பாலும் அது கரப்பானின் லேசான வடிவம். டாக்ரோலிமஸ் அதற்கு நன்றாகக் கேட்கும். வெண்புள்ளிக்கும் முகத்தில் இதை எழுதுகிறார்கள், மாதக்கணக்கில் பூச வேண்டும். ஆனால் தொழுநோயின் முதல் அடையாளமும் வெளிறிய திட்டாக வரலாம். கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி ஆஸ்பத்திரி நடக்கும் பகுதி இது. அந்த நோயை நன்றாகத் தெரிந்த டாக்டர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திட்டின் மேல் பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடிய பிள்ளையிடம் 'எங்கே தொட்டேன்' என்று கேளுங்கள். உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால், வியர்வை வராமல் வறண்டிருந்தால், எந்தக் களிம்பும் வாங்காமல் நேரே ஓபி. முகத்தில் உணர்ச்சிக் குறைவு எளிதில் பிடிபடாது என்பதால், சந்தேகம் இருந்தால் வீட்டுச் சோதனையோடு நிறுத்த வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களிலிருந்து கையும் காலும் வெடித்து வருகிறவர்கள் அதிகம். பதனிடும் வேலையில் குரோமியம் உப்பு, சுண்ணாம்பு, அமிலம் எல்லாம் கையில் படுகின்றன. கட்டட வேலையில் சிமென்டில் உள்ள குரோமியம். குரோமியத்துக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், டி செல் அதை நெடுநாள் மறக்காது. டாக்ரோலிமஸ் அந்த டி செல்லைத் தற்காலிகமாக அடக்கும். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் குரோமியம் படும் கையில், அதுவும் தடித்த உள்ளங்கையில், 804 டால்டன் மருந்து போய்ச் சேரவே போராட வேண்டும். இங்கே முதல் வேலை பேட்ச் டெஸ்ட் எடுத்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது, பிறகு அது கையில் படாமல் செய்வது. தோலில் தைத்த செருப்பிலிருந்தும் குரோமியம் கசியும் என்பதால், பாதத்தின் மேற்புறம் வார் பதியும் இடத்தில் மட்டும் புண் வந்தால் செருப்பைச் சந்தேகியுங்கள். உள்ளங்கைக்கு டாக்டர் கொஞ்ச நாள் வலுவான ஸ்டீராய்டு எழுதினால் அது தவறு இல்லை. புறங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அதற்குப் பிறகு டாக்ரோலிமஸ் உதவும்.

புற்றுநோய் பயம்

இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ட்யூபுக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் படித்தவர்கள்தான். அமெரிக்காவில் 2006-இல் இந்தக் களிம்பின் மேல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை ஏறியது: பயன்படுத்திய சிலருக்குத் தோல் புற்றும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும் வந்ததாகத் தகவல் உண்டு, களிம்புதான் காரணமா என்பது நிலைநாட்டப்படவில்லை என்று. வேலூரில் இந்தப் பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1971-இலேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்த ஊர் இது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் டாக்ரோலிமஸ். சொந்தக்காரர் ஒருவர் தினமும் விழுங்கும் பெரிய மருந்தின் பெயரைக் குழந்தையின் களிம்பில் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

மருந்து ஒன்றுதான், உடம்புக்குள் போகும் அளவு வேறு. உறுப்பு மாற்றியவர்களுக்கு இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 முதல் 15 நானோகிராம் இருக்கும்படி மாத்திரையைத் தொடர்ந்து வைத்திருப்பார்கள். களிம்பு பூசியவர்களில் பெரும்பாலானோருக்கு உச்ச அளவே 2 நானோகிராமுக்குக் கீழ், அதுவும் ஆரம்பத்தில். தோல் ஆறியதும் இன்னும் குறையும்.

ஆனாலும் பயம் வெறும் வதந்தி இல்லை, அதன் பின்னால் உயிரியல் இருக்கிறது. கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இல்லை, மேல்தோலின் கெரட்டினோசைட் செல்லிலும் இருக்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலேறி முதிர்வதற்குத் தோலில் கால்சியம் அடுக்கடுக்காகக் கூடுகிறது. அந்த முதிர்ச்சியில் கால்சிநியூரினுக்கும் என்ஃபேட்டுக்கும் பங்கு உண்டு. 2010-இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வில், சைக்ளோஸ்போரின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்துக் கால்சிநியூரினை அடைத்தபோது கெரட்டினோசைட்டில் ஏடிஎஃப்3 என்ற புரதம் கூடியது. அது கட்டியைத் தடுக்கும் பி53 என்ற புரதத்தை அமுக்கியது. கெட்டுப்போன செல் தானாகவே பிரிவதை நிறுத்திக்கொள்ளும் காவல் தளர்ந்து, கட்டி வளர வழி பிறந்தது. உறுப்பு மாற்றியவர்களுக்கு ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்று பல மடங்கு அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்ப்பு சக்தி குறைவது மட்டும் காரணம் இல்லை.

முடியிலும் இதே புரதம்தான். மயிர்க்காலின் ஸ்டெம் செல்களை ஓய்வில் வைத்திருப்பது என்ஃபேட்-சி1. சைக்ளோஸ்போரின் அதைத் தடுத்தால் அவை விழித்துப் பிரிய ஆரம்பிக்கும் என்று 2008-இல் எலிகளில் காட்டினார்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்வது இதனால்தான் புரிகிறது. ஒரே புரதம் தோல் முதிர்வதிலும், அழற்சியிலும், கட்டியிலும் கை வைத்திருக்கும்போது, அதை அடைக்கும் மருந்தை மதிப்போடுதான் கையாள வேண்டும்.

களிம்பாகப் பூசியவர்களிடம் என்ன தெரிந்தது? கிட்டத்தட்ட 8,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியான ஆய்வில், அந்த வயதில் எதிர்பார்க்கும் அளவைவிடப் புற்றுநோய் கூடவில்லை. லிம்ஃபோமா மட்டும் சற்றே கூடுவதாகச் சில தொகுப்பாய்வுகள் சொன்னாலும், தனி ஒருவருக்கான ஆபத்து மிகச் சிறியது. ஆகவே கரப்பான் உள்ள பிள்ளைக்கு இதைப் பயந்து நிறுத்திவிட்டு, பெயர் தெரியாத கலவைக் களிம்பை மாதக்கணக்கில் பூசுவதுதான் நிஜமான ஆபத்து. அதே சமயம் சில எல்லைகளைக் கண்டிப்பாக மீறக் கூடாது. புற்றாகவோ அதன் முன்நிலையாகவோ இருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்தில், ஆறாத புண்ணில், பழைய தீக்காயத் தழும்பில் கிளம்பிய புண்ணில் இதைப் பூசக் கூடாது, முதலில் பயாப்சி. பூசிய இடத்தில் நேர் வெயில் படாமல் துப்பட்டா, தொப்பி, முழுக்கை சட்டை போடுங்கள். புற ஊதா ஒளி சிகிச்சை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

மாற்று என்ன

பைமக்ரோலிமஸ் 1% க்ரீமும் கால்சிநியூரினைத்தான் அடைக்கிறது. வலு குறைவு, லேசான முகக் கரப்பானுக்குச் சரி. க்ரிசபரோல் 2% பிடிஇ-4 என்ற வேறு நொதியைப் பிடிக்கிறது, அதுவும் எரியும். டோஃபாசிட்டினிப் களிம்பு ஜேக் புரதங்களை அடைக்கிறது, அரிப்பை வேகமாக நிறுத்துகிறது. ஆனால் ஜேக் வகைக்கும் தனி எச்சரிக்கைகள் உண்டு. சந்தையில் புதிது என்பதற்காக மட்டும் அதற்குத் தாவ வேண்டாம். முகத்துக்கு இவ்வளவு வருட அனுபவம் உள்ளது டாக்ரோலிமஸ்தான்.

தோல் தெளிந்த பிறகு சட்டென்று நிறுத்துவதுதான் கடைசித் தவறு. சிவப்பு மறைந்தாலும் டி செல்கள் உள்ளே இருக்கின்றன. அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கு, முன்பு புண் வந்த அதே இடங்களில் வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, ஒரே ஒரு வேளை பூசும் முறை இருக்கிறது. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மறுபடி சிவந்தால் தினமும் இரு வேளைக்குத் திரும்பலாம். ஒழுங்காகப் பூசியும் இரண்டு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால், ட்யூபை மாற்றாதீர்கள், நோய் வேறாக இருக்கலாம். ஓபிக்குப் போகும்போது காலியான ட்யூபையும், அதற்கு முன் பூசிய எல்லாக் களிம்பு டப்பாக்களையும், கடைக்காரர் சும்மா கொடுத்ததையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். போன தடவை எழுதிய சீட்டும், எந்தத் தேதியிலிருந்து எதைப் பூசினீர்கள் என்ற குறிப்பும் கூட இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.